கடந்த ஏழு நாட்களில்

அந்தமானில் யாரிடமாவது போய் உங்கள் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். பையன் பாராடாங்கில் படகு ஓட்டுவான், சுற்றுலாக்காரர்களைச் சுண்ணாம்புக் குகைக்கு அழைத்துப் போவான், நன்றாகவே சம்பாதிப்பான். ஆனாலும் "இன்னும் வேலை கிடைக்கலைங்க" என்றுதான் பதில் வரும். இந்தத் தீவுகளில் வேலை என்றால் சர்க்கார் வேலை. மற்றதெல்லாம் அது வரும்வரை சும்மா கையைக் காலை ஆட்டிக்கொண்டிருப்பது. அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்ற பழமொழி கப்பலேறி இங்கே வந்து இறங்கியதும், மெயின்லேண்டில் இருந்ததைவிடக் கொழுத்துவிட்டது.

ஹம்னாவின் பாடு இதனால்தான் திண்டாட்டம். வீடு வீடாகப் போய் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேட்டு டேப்லெட்டில் பதிகிற கணக்கெடுப்புப் பெண் அவள். ஒப்பந்த ஊழியர். நிரந்தரமில்லை என்பதால், போர்ட் பிளேரில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கும் அவளுடைய வாப்பா அப்துல் குத்தூஸ், கடைக்கு வருகிறவர்களிடம் "பொண்ணு வேலை தேடிட்டு இருக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மகளோ காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள்.

அவளுக்கு இதில் கோபமில்லை, சிரிப்புதான். சின்ன வயதிலிருந்தே எதையும் ஏன், எதற்கு என்று துருவுகிற பிறவி அவள். வேலைக்கு முன் கொடுத்த பயிற்சியில் மற்றவர்கள் கொட்டாவி விட்டபோது இவள் மட்டும் கதை கேட்பதுபோல் கேட்டாள். கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம், வருமானம் தரும் வேலை செய்திருந்தாலும் அந்த வாரத்துக்கு அவர் வேலையில் இருப்பவர். குடும்பக் கடையில் சம்பளமில்லாமல் உதவினாலும் வேலைதான். ஆக, கல்லூரிக் காலத்தில் வாப்பாவின் கடையில் பேனா விற்றுக்கொண்டிருந்த ஹம்னா தனக்கே தெரியாமல் வேலையில் இருந்திருக்கிறாள். விடியுமுன் சுபுஹு தொழுகைக்கு எழுந்ததிலிருந்து ஓயாமல் சமைத்து, துவைத்து, பெருக்குகிற உம்மா ஆமினாவுக்கு அந்தக் கணக்கில் வேலை இல்லை.

இது என்ன நியாயம் என்று கேட்டாள். பயிற்சி கொடுத்த மேற்பார்வையாளர் சுரேந்திரன் தலையைச் சொறிந்துகொண்டு, வீட்டு வேலைக்குத் தனிக் கணக்கெடுப்பு இருக்கிறது, நம்முடையது இது என்றார்.

அதைவிட அவளை உறுத்தியது இன்னொன்று. வேலையில்லாதவர் என்று ஒருவரைப் பதிய அவருக்கு வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. அவர் வேலை தேடியிருக்க வேண்டும், அல்லது கிடைத்தால் சேரத் தயாராக இருக்க வேண்டும். தேடித் தேடி அலுத்துப் போய் விட்டுவிட்டவர் வேலையில்லாதவர்கூட இல்லை. அவர் அந்தக் கணக்கிலிருந்தே இறங்கிவிட்டவர். அப்படி இறங்கிய ஒருவரைப் பார்த்து, எப்போது இறங்கினீர்கள், ஏன் இறங்கினீர்கள் என்று கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

பெரார்கஞ்சில் அவளுக்கு ஒதுக்கிய வீடுகளில் ஒன்று திருநாவுக்கரசுவுடையது. சாத்தம் ஜெட்டியில் படகேறி, பாம்பூ ஃபிளாட்டில் இறங்கி, பஸ் பிடித்துப் போக வேண்டும். வாசலிலிருந்து சரிவாக இறங்கும் பாக்குத் தோட்டம், கீழே கொஞ்சம் வயல். திருநாவுக்கரசு டெய்லி ரேட்டட் மஸ்தூராக, அதாவது அரசாங்கத்தில் தினக்கூலியாக, இளமையெல்லாம் ரோடு போட்டு, கடைசியில் நிரந்தரமாகி, இப்போது பென்ஷன் வாங்குகிறவர். அந்த நிரந்தரம் கிடைத்த நாளைப் பற்றி அவர் பேசினால் கல்யாண நாளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்வீர்கள்.

ஹம்னாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு, தான் இன்னொன்றில் சாய்ந்துகொண்டார். வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் பதில் சொல்லலாம் என்று விதி இடம் கொடுத்தது. திருநாவுக்கரசுவுக்கு விதியே தேவையில்லை. அந்த வீட்டில் யார் என்ன கேட்டாலும் அவர்தான் பதில் சொல்வார்.

தன்னைப் பற்றி, ரிட்டயர் ஆகிவிட்டேன், எழுதிக்கொள் என்றார். காலையில் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள். பாக்குத் தோட்டத்துக்கு. பாக்கை விற்பீர்களா? விற்பாராம். அப்படியென்றால் நீங்கள் விவசாயி, வேலையில் இருக்கிறீர்கள் என்றாள். அவருக்குப் பென்ஷனையே பிடுங்கிக்கொண்டதுபோல் முகம் போயிற்று. இதற்கும் பென்ஷனுக்கும் சம்பந்தமே இல்லை, நீங்கள் சொல்வது எதுவும் யாருக்கும் வெளியே போகாது, சொல்லக் கூடாதென்று எங்களுக்குக் கண்டிப்பான சட்டம் இருக்கிறது என்று அவள் விளக்கிச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

மனைவி மரகதம்? வீட்டில் சும்மா இருக்கிறாள். ஹம்னாவின் கண் முற்றத்தில் மேய்ந்த கோழிகள் மேல் போயிற்று. முட்டை விற்கிறதா? ரிசார்ட்காரர்கள் வந்து வாங்கிப் போவார்களாம். பாக்கு உரிப்பது யார்? அதுவும் அவள்தான். மரகதத்தையும் வேலையில் இருப்பவர் என்று பதிந்தாள். வாசற்படி ஓரமாக நின்றிருந்த மரகதம் அதைக் கேட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பேசவில்லை.

"பையன் கௌதம். டிப்ளமா. எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில பதிஞ்சிருக்கு. டெய்லி மத்தியானம் போர்ட் பிளேருக்கு கோச்சிங் போறான். தேடிட்டே இருக்கான்மா, அதுல ஒரு குறையும் இல்ல."

சுவரில் மாட்டியிருந்த போட்டோவில் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியுமாகக் கௌதம் நின்றான். காது இரண்டும் தொப்பிக்கு முட்டுக் கொடுத்ததுபோல் விரிந்திருந்தன. வேலையில்லாதவர், தேடுகிறவர் என்று பதிந்துவிட்டு, அதே வீட்டுக்கு இன்னும் மூன்று மாதம் தொடர்ந்து வருவேன் என்று சொல்லிக் கிளம்பினாள்.

அந்தக் காதுகளை அவள் மறுபடி பார்த்தது போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், வாப்பாவுக்குப் பரோட்டா வாங்க ஒரு ஹோட்டலுக்குள் ஒதுங்கினாள். வாசலை ஒட்டிய கல்லில் மாஸ்டர் மாவை வீசிக்கொண்டிருந்தார். வீச்சு ஒவ்வொன்றும் மெல்லிசாக விரிந்து, கல்லில் விழும்போது ஓசையே இல்லை. மூன்று மேசைக்காரர்கள் ஒரே நேரத்தில் கேட்டும் அவர் பதறவில்லை. ஹம்னா முதலில் கைகளைத்தான் பார்த்தாள். பிறகு காதுகளைப் பார்த்தாள்.

பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். சும்மா இருக்கிற ஜென்மமா அவள்? பார்சலை வாங்கும்போது, "நீங்க பெரார்கஞ்ச்தானே?" என்று கேட்டுவிட்டாள்.

கணக்கெடுப்புக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன் என்றதும் மாஸ்டரின் கையில் இருந்த மாவு அப்படியே தொங்கிற்று. கூட்டம் குறைந்ததும் பின்பக்கம் வந்து கௌதம் எல்லாவற்றையும் சொன்னான். கோச்சிங் ஒரு காலத்தில் உண்மையாகவே போனானாம். பரீட்சை எழுதிக்கொண்டே இருந்தானாம். ஒன்று தள்ளிப் போகும், ஒன்று ரத்தாகும், ஒன்றில் ஒரு மார்க்கில் போகும். கைச்செலவுக்காக இந்த ஹோட்டலில் மாவு பிசையச் சேர்ந்தவன், பழைய மாஸ்டர் ஊருக்குப் போனதும் கல்லைப் பிடித்தான். பிடித்த பிறகு புத்தகத்தைத் திறக்கவில்லை. இது அப்பாவுக்குத் தெரிந்தால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க மாட்டார் என்றான். வேலை தேடுகிற பையன் என்றால் மரியாதை இருக்கிறது, பரோட்டா போடுகிற பையன் என்றால்?

"எனக்கு இது பிடிச்சிருக்கு. அதுதான் பெரிய தப்பு மாதிரி தெரியுது," என்றான்.

நான் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது, அதுதான் என் வேலை என்று ஹம்னா உறுதி கொடுத்தாள். அன்று வீட்டில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே யோசித்தாள். கணக்கிலிருந்து இறங்கிவிட்ட ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தவளுக்கு, ஏறிவிட்டதை மறைக்கிற ஒருவன் அகப்பட்டிருக்கிறான். ஊரெல்லாம் வேலை இல்லாததை மறைப்பார்கள். வேலை இருப்பதை மறைக்கிற ஊர் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

இரண்டாவது மாதம் போனபோது கௌதம் வீட்டில் இல்லை. திருநாவுக்கரசு வழக்கம்போல அவனுக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். அவள் அறிந்தது வேறு, அவர் சொல்வது வேறு. ஆனால் தான் பார்த்ததைப் பதிய அவளுக்கு அனுமதியில்லை. வீட்டார் சொல்வதைத்தான் பதிய வேண்டும். மனசு உறுத்த, தேடுகிறவர் என்றே மறுபடியும் பதிந்தாள்.

கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். மரகதம் உள்ளே இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார்.

"கூடிய சீக்கிரம் நீ பக்கா வேலைன்னு எழுதலாம்மா. ஒரு ஆளைப் பிடிச்சிருக்கேன். மேல வரைக்கும் செல்வாக்கு. தோட்டத்துல பாதியைப் பேசி முடிச்சாச்சு, அடுத்த மாசம் கைமாறிடும். இவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது, ஆர்டர் கைக்கு வந்ததும் சொல்லுவேன்."

 செல்வாக்குள்ள ஆள்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தீவில் யாருக்குத்தான் தெரியாது? பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த கப்பலில் ஏறிவிடுவார்கள், போனும் எடுக்க மாட்டார்கள். அப்படியே வேலை வாங்கிக் கொடுத்தாலும் அது பையனுக்கு வேண்டாத வேலை. அதற்காக, புருஷனும் பெண்டாட்டியும் காலையெல்லாம் குனிந்து நிமிர்கிற தோட்டத்தில் பாதி போகப் போகிறது. அங்கிள், உங்கள் மகன் அபர்தீன் பஜாரில் பரோட்டா மாஸ்டர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லக் கூடாது. போர்ட் பிளேருக்குப் போய் மகனிடம், உங்கள் அப்பா தோட்டத்தை விற்கிறார் என்று சொன்னாலும் போதும். அதையும் சொல்லக் கூடாது. இரண்டு பேரும் அவளை நம்பித்தான் வாயைத் திறந்தார்கள்.

ராத்தூக்கம் கெட்டது. சுரேந்திரனுக்குப் போன் போட்டு, பெயரோ ஊரோ சொல்லாமல், ஒரு வீட்டில் இப்படி ஒரு சிக்கல் என்று மட்டும் கேட்டாள். அவர் நல்ல மனிதர், ஆனால் விதி தவறாதவர். நாம் எதையும் சொல்ல வந்தவர்கள் இல்லை, கேட்க வந்தவர்கள், அவ்வளவுதான் என்று போனை வைத்துவிட்டார். முதலில் அவளுக்கு எரிச்சலாக வந்தது. மறுநாள் படகில் நின்றுகொண்டிருந்தபோதுதான், அவர் தடுத்தது சொல்வதை மட்டுமே என்று உறைத்தது. கேட்கத் தடையில்லை. சொல்லப்போனால் ஆள் வீட்டிலிருந்தால் அவரையே கேட்பதுதான் சரியான முறை.

அன்று சாயங்காலமே ஹோட்டலுக்குப் போனாள். அடுத்த முறை காலையில் வருகிறேன், நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்றாள். எதற்கு என்றான் கௌதம். கேள்வி கேட்க என்றாள். கேள்விக்கெல்லாம் அப்பா பதில் சொல்லிவிடுவாரே என்றான். அதனால்தான் என்று சொல்லிவிட்டுப் பரோட்டாகூட வாங்காமல் வந்துவிட்டாள்.

மூன்றாவது மாதம் அவள் போன காலை, மூவரும் வெளி அறையில் இருந்தார்கள். திருநாவுக்கரசு ஏதோ விசேஷத்துக்குப் போகிறவர்போல் சலவைச் சட்டை போட்டிருந்தார். மத்தியானம் அந்த ஆளைப் பார்க்கப் போகிறார் என்று ஹம்னா ஊகித்தாள். தோட்டத்துக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு பொழுதுதான். 

மகனைப் பற்றி அவர் சொல்ல ஆரம்பித்ததும், "மன்னிச்சுக்கங்க அங்கிள், அவர் இங்கேயே இருக்காரே, அவரையே கேக்கணும்," என்றாள்.

"கேளேன். நான் சொன்னதைத்தான் சொல்லப் போறான்."

திரையில் இருந்ததை மாற்றாமல் படித்தாள். "கடந்த ஏழு நாட்களில், ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரமாவது வருமானத்துக்காக வேலை செஞ்சீங்களா?"

கௌதம் அப்பாவின் சலவைச் சட்டையைப் பார்த்தான். "இல்ல."

"கடந்த ஏழு நாட்களில் வேலை தேடினீங்களா?"

இதற்கும் ஒரு பொய் தயாராக இருந்திருக்கும். இரண்டு வருஷமாகச் சொல்லிப் பழகியதுதான். ஆனால் அப்பாவிடம் சொல்வது வேறு, ஒருத்தி நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவன் சொல்லப் போவதை அப்படியே பதியக் காத்திருக்கும்போது சொல்வது வேறு போலும். அவன் வாயிலிருந்து, "தேடல," என்று வந்தது.

திருநாவுக்கரசு நாற்காலியில் நிமிர்ந்தார். ஹம்னா அவர் பக்கம் பார்க்காமல் அடுத்ததைப் படித்தாள். "வேலை கிடைச்சா சேரத் தயாரா இருந்தீங்களா?"

"இல்ல."

அப்படிச் சொல்கிறவருக்கு மேலும் சில கேள்விகள் இருந்தன. படிக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை. வீட்டு வேலைகளைக் கவனித்துக்கொள்கிறீர்களா? இல்லை. உடம்புக்கு முடியாதவரா? அவன் இல்லை என்று தலையாட்டினான். உருண்டு திரண்ட தோளோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அதைக் கேட்க அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"என்னடா இல்ல?" திருநாவுக்கரசுவின் குரல் உடைந்தது. "தயாரா இல்லியா? உனக்காக நான் தோட்டத்துல பாதியை வித்து முடிக்கப் போறேன்டா இன்னிக்கு. சர்க்காரி நௌக்ரி. ஆள் மத்தியானம் வரச் சொல்லிருக்கான்."

மரகதத்தின் கையிலிருந்த பாக்குக் கூடை தரையில் இறங்கிற்று. முற்றத்தில் கோழிகள் மட்டும் எதுவும் நடக்காததுபோல் கொக்கரித்துக்கொண்டிருந்தன. கௌதம் ஹம்னாவைப் பார்த்தான். இவளுக்கு இது முன்னமே தெரியுமா என்று கேட்கிற பார்வை. அவள் பதில் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அவளால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"முதல் கேள்வியை இன்னொரு தடவை கேக்கட்டுமா?" என்றாள்.

அவன் அப்பாவின் பக்கம் திரும்பினான். பிறகு, "செஞ்சேன்," என்றான். "பரோட்டா மாஸ்டரா இருக்கேன். அபர்தீன் பஜார்ல. வேலை இருக்கிறதாலதான்பா தேடல."

திருநாவுக்கரசு எழுந்தார். கோபத்தில் மகனை அடித்துவிடுவார் என்று ஹம்னா பயந்தாள். அவர் அடிக்கவில்லை. டிப்ளமா, டிப்ளமா என்று இரண்டு முறை சொன்னார்.  விறுவிறுவென்று வாசலைத் தாண்டி, தோட்டத்தின் மேல்விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

விட்ட இடத்தில் தொடருவதைத் தவிர ஹம்னாவுக்கு வேறு வழியில்லை. வேலையில் இருப்பவர் என்றால் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டும். வாசலுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே கேட்டாள். அவனும் ஒவ்வொன்றாகச் சொன்னான். மழை பெய்த நாளில் கூட்டம் அதிகம், அதனால் கூடுதல் நேரம். கப்பல் வந்த நாளில் உட்காரவே முடியவில்லை. ஒரு நாள் கையில் சூடு பட்டுக்கொண்டான், அன்றும் போனான்.

ஞாயிற்றுக்கிழமை என்று அவள் கேட்டபோது, பதில் சொல்லும் முன்பே வாசலிலிருந்து குரல் வந்தது. "ஞாயித்துக்கிழமையுமா லீவு இல்ல?"

"ஞாயித்துக்கிழமைதான்பா ஜாஸ்தி."

திருநாவுக்கரசு நிலைப்படியில் கையை ஊன்றி நின்றார். அவரும் வெயிலிலும் மழையிலும் ரோடு போட்ட மனிதர்தான். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை என்ற காலத்தில் அவர் சூட்டுப்புண்ணோடும் காய்ச்சலோடும் போனவர். அதையெல்லாம் எப்போது மறந்தாரோ, நிரந்தரமான அன்றைக்கே மறந்திருப்பார். மகன் கையை மடக்கி மறைக்கப் பார்த்தான். அவர் கிட்ட வந்து அதைப் பிரித்துப் பார்த்தார். மருந்து போட்டாயா என்று கேட்டார். போட்டானாம்.

பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்," என்றார் மரகதம். மூன்று மாதத்தில் ஹம்னா கேட்ட அவருடைய முதல் பேச்சு அதுதான். "இவ்வளவு நாளா மளிகை யார் வாங்கிப் போடுறதுன்னு நெனச்சீங்க, உங்க பென்ஷனா?"

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"யாரு என்னைக் கேட்டா? நாற்காலியைப் போட்டு உக்காந்து எங்க எல்லாருக்கும் சேத்து நீங்களே பதில் சொல்லிட்டு இருந்தீங்க. தோட்டத்தை விக்கிறதையாவது கேட்டீங்களா?"

 ஹம்னா பார்த்த நாளிலிருந்து பதில் இல்லாமல் திருநாவுக்கரசு நின்றது அப்போதுதான். பாவமாக இருந்தது அவளுக்கு. கெட்ட எண்ணத்தில் செய்தவர் இல்லை. தனக்குக் கிடைத்த ஒரே நல்லதை மகனுக்கும் வாங்கிக் கொடுக்கப் பார்த்தார். அதற்காகத் தோட்டத்தில் பாதியையே கொடுக்கத் துணிந்தவரிடம் கோபப்பட அவளால் முடியவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எண்ணைத் தேடினார். கண்ணாடி இல்லாமல் தெரியாததால் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். பிறகு அந்த ஆளிடம் ஹிந்தியில் பேசினார். மத்தியானம் வரவில்லை, தோட்டம் விற்பனைக்கு இல்லை என்றார். மறுபக்கம் நிறையப் பேசிற்று. இவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஜரூரத் நஹி, சாப். என் பையனுக்கு வேலை கிடைச்சிருச்சு," என்றார். தேவையில்லை என்று ஹிந்தியில் ஆரம்பித்தது பாதியில் தமிழாகிவிட்டது அவருக்கே தெரியவில்லை. பிறகு அதையே ஹிந்தியிலும் சொன்னார்.

எந்த டிபார்ட்மெண்ட் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அவர் மகனைப் பார்த்தார்.  ஊர் முழுக்கக் கேட்கப் போகிற வார்த்தை என்று அவருக்குத் தெரியும்.

"பரோட்டா," என்றார்.